திவால் வழக்குத் தாள்கள் திரும்பி வந்தால்: தப்பு எங்கே, சரிசெய்வது எப்படி

நூல் கொடுத்தவர், சாயம் போட்டுக் கொடுத்தவர், அட்டைப்பெட்டி கொடுத்தவர் என்று திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் பாக்கி நிற்கும் பலரும் கடைசியில் திவால் நீதிமன்றத்தை நாடுகிறார்கள். கொடுத்த தாள்கள் திரும்பி வந்தால் ஏதோ பெரிய சட்டச் சிக்கல் என்று பதறுகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. பெயர், தேதி, தொகை மூன்றில் ஏதோ ஒன்று ஒரு தாளில் ஒரு மாதிரியும் அடுத்த தாளில் வேறு மாதிரியும் இருக்கும். அதை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

உங்களுக்கு நேர்ந்தது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில் வரும்.

## “இது இங்கே வராது” என்று சொல்லிவிட்டார்கள்

முதலில் பாக்கிக்காரரின் ஜிஎஸ்டி எண்ணை எடுங்கள். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அவருடைய பான் எண். ஜிஎஸ்டி எண்ணின் ஆறாவது எழுத்து ‘சி’ என்றால் கம்பெனி, ‘பி’ என்றால் தனி உரிமையாளர், ‘எச்’ என்றால் கூட்டுக் குடும்பம். ‘எஃப்’ என்றால் கூட்டு நிறுவனமாகவும் இருக்கலாம், எல்எல்பியாகவும் (பங்காளிகளின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம்) இருக்கலாம். அதைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கம்பெனி, எல்எல்பி இரண்டும் 2016ஆம் ஆண்டு திவால் சட்டத்தின்படி தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயமான என்சிஎல்டிக்குப் போகும். தனி உரிமையாளர், கூட்டு நிறுவனம் என்றால் 1920ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டம்தான். அதற்கு உங்கள் பகுதி சார்பு நீதிமன்றம். ஊரில் ‘ஐபி’, ‘மஞ்சள் கடுதாசி’ என்று சொல்வது இதைத்தான். அதற்குக் கடைசித் தலைப்பைப் பாருங்கள்.

கம்பெனி என்று உறுதியானால் பதிவு அலுவலகம் எந்த மாநிலத்தில் என்று பாருங்கள். தொழிற்சாலை பெருந்துறை சிப்காட்டில் இருந்தாலும் பதிவு அலுவலகம் மும்பை என்றால் மும்பை அமர்வுக்குத்தான் போக வேண்டும். பாலக்காடு என்றால் கொச்சி. கம்பெனியின் 21 எழுத்து அடையாள எண்ணில் ஏழாவது, எட்டாவது எழுத்துகள் ‘டிஇசட்’ என்றிருந்தால் அது கோவை கம்பெனிப் பதிவாளரிடம் பதிவானது. கோவையில் பதிவாளர் இருக்கிறாரே என்று அங்கே மனு கொடுக்க முடியாது. வழக்கு சென்னை அமர்வுக்கு, ராஜாஜி சாலைக்குத்தான் போகும்.

ஆலோசகரிடம் போக வேண்டிய கட்டம்: ஒரே குடும்பத்துக்குக் கம்பெனி ஒன்று, கூட்டு நிறுவனம் ஒன்று என இரண்டும் இருந்து, ஆர்டர் ஒன்றின் பெயரிலும் பில் மற்றொன்றின் பெயரிலும் இருந்தால் நீங்களாக முடிவெடுக்காதீர்கள். யார் மேல் மனு என்பதிலேயே வழக்கு விழுந்துவிடும்.

## “ஒரு கோடி வரவில்லை” என்கிறார்கள்

என்சிஎல்டியில் மனு போட 2020 மார்ச் 24 முதல் குறைந்தபட்ச பாக்கி 1 கோடி ரூபாய். பில்களைக் கூட்டி ஒரு கோடி தாண்டிவிட்டது என்று நினைப்பவர்கள் கழிக்க வேண்டியதைக் கழிப்பதில்லை. ஒரு சாயப்பட்டறைக் கணக்கை எடுத்துக்கொள்வோம்:

கூலி பில் மதிப்பு 98,00,000. ஜிஎஸ்டி 5 சதவீதம் 4,90,000. ஆக 1,02,90,000. பார்ட்டி பிடித்துக் கட்டிய டிடிஎஸ் 2 சதவீதம், அதாவது 1,96,000. அது உங்கள் வரிக் கணக்கில் ஏறிவிட்டது, பாக்கி ஆகாது. மீதி 1,00,94,000. எடை குறைவுக்காக நீங்களே ஒத்துக்கொண்ட டெபிட் நோட் 1,10,000. நிற்பது 99,84,000.

பதினாறாயிரம் குறைவு. மனு நிற்காது.

வட்டியைச் சேர்த்து ஒரு கோடியைத் தொடலாம் என்று யோசனை சொல்வார்கள். இரு தரப்பும் ஒத்துக்கொண்ட வட்டி விகிதம் ஆர்டரிலோ ஒப்பந்தத்திலோ இருந்தாலொழிய அதை நம்ப வேண்டாம். பில்லின் அடியில் நீங்களாக அச்சடித்துக்கொண்ட “தாமதத்துக்கு 24%” என்ற வரி பெரிய சண்டைக்குத்தான் வழி. அசல் மட்டுமே ஒரு கோடி தாண்டினால் நிம்மதி. பக்கத்துப் பட்டறைக்காரரும் நீங்களும் பாக்கியைச் சேர்த்து ஒரே மனுவாகப் போடவும் முடியாது. சரக்கு, கூலிக்குப் பணம் வர வேண்டியவர்கள் தனித்தனியாகத்தான் நோட்டீஸ் விட வேண்டும், தனித்தனியாகத்தான் மனு போட வேண்டும்.

தொகை குறைகிறது, உங்களிடம் சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இருக்கிறது என்றால் கோவையில் உள்ள குறு, சிறு தொழில் வசதிக் குழுமம் நல்ல வழி. கம்பெனி ஏற்கெனவே திவால் நடவடிக்கைக்குள் போயிருந்தால் இந்த ஒரு கோடி வரம்பு உங்களைத் தடுக்காது. பத்தாயிரம் ரூபாய் பாக்கிக்கும் உரிமை கோரலாம்.

## “காலம் கடந்துவிட்டது” என்கிறார்கள்

பணம் தவறிய நாளிலிருந்து 3 ஆண்டு. பில் தேதியைத் தவறிய தேதியாக எழுதுவதுதான் இங்கே நடக்கும் தப்பு. 60 நாள் கடன் என்றால் 61ஆம் நாள்தான் தவறிய தேதி. தனித்தனி பில்லுக்குத் தனித்தனி தேதி வரும்; பில் எண், பில் தேதி, கெடு, தவறிய தேதி, வந்த பணம், நிற்கும் பாக்கி, தாமத நாள்கள் என்று ஒரே அட்டவணை போடுங்கள். மனுப் படிவமே இந்த அட்டவணையைக் கேட்கிறது.

மூன்று ஆண்டு முடிவதற்குள் பார்ட்டி கையெழுத்திட்டுக் கொடுத்த பாக்கி உறுதிக் கடிதம் இருந்தால் அந்தக் கையெழுத்துத் தேதியிலிருந்து புதிதாக 3 ஆண்டு. கெடு முடிந்த பிறகு வாங்கிய கடிதம் இதற்கு உதவாது. அதனால் ஒவ்வொரு மார்ச்சிலும் ஆடிட்டருக்காக வாங்கும் அந்த ஒற்றைத் தாளைப் பத்திரமாக வையுங்கள். வழக்கைக் காப்பாற்றுவது பல நேரம் அதுதான்.

இன்னொன்று: 2020 மார்ச் 25 முதல் ஓர் ஆண்டுக்குள் தவறிய பாக்கிக்கு என்றைக்குமே திவால் மனு போட முடியாது. கொரோனா காலத்து விலக்கு அது. அட்டவணையில் அந்தத் தேதிகள் இருந்தால் தனியாகப் பிரித்து, மிச்சத்தொகை ஒரு கோடி தாண்டுகிறதா என்று பாருங்கள்.

## நோட்டீஸ் திரும்பி வந்தது, அல்லது போய்ச் சேர்ந்ததற்குச் சான்று இல்லை

மனுவுக்கு முன் படிவம் 3லோ, பில் நகல் வைத்து படிவம் 4லோ கோரிக்கை நோட்டீஸ் அனுப்ப வேண்டும். வக்கீலின் சாதாரண லெட்டர்பேட் நோட்டீஸ் இதற்கு ஈடாகாது.

- தொழிற்சாலை முகவரிக்கு அனுப்பியிருந்தால் அதுதான் தப்பு. அமைச்சக இணையதளத்தில் அன்றைய தேதியில் உள்ள பதிவு அலுவலக முகவரிக்கு அனுப்புங்கள்.
- “கதவு பூட்டு”, “முகவரியில் இல்லை” என்று திரும்பினால் உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள், அதுவும் சான்றுதான். கூடவே முழுநேர இயக்குநருக்கு மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.
- ஸ்பீட் போஸ்ட் போய்ச் சேர்ந்த விவரத்தை அன்றே இணையத்தில் எடுத்து அச்சடித்து வையுங்கள். சில மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 10 நாள் அவருக்கு அவகாசம். அனுப்பிய நாளிலிருந்து எண்ணி அவசரப்பட்டுப் போட்ட மனு நிற்காது. பத்து முழு நாள் போகட்டும், பதினொன்றாம் நாளுக்குப் பிறகு மனுத் தேதியை வையுங்கள்.

## என்இஎஸ்எல் பதிவு வரவில்லை, அல்லது சிவப்பாக வந்தது

மனு போடுவதற்கு முன் பணம் தவறிய விவரத்தைத் தகவல் பயன்பாட்டு நிறுவனமான என்இஎஸ்எல்லில் ஏற்ற வேண்டும். பார்ட்டிக்கு மின்னஞ்சல் போகும். ஒத்துக்கொண்டால் பச்சை, மறுத்தால் சிவப்பு, மூன்று நினைவூட்டலுக்கும் பதில் இல்லையென்றால் மஞ்சள். மஞ்சள் என்றால் ஒத்துக்கொண்டதாகவே கொள்வார்கள்.

பதிவு நகராமல் நின்றால் முதலில் பார்ட்டியின் மின்னஞ்சலைப் பாருங்கள். கணக்குப்பிள்ளையின் சொந்த மின்னஞ்சலைக் கொடுத்திருப்பீர்கள். அமைச்சக இணையதளத்தில் உள்ளதைக் கொடுங்கள். அடுத்து பான் எண்ணும் கம்பெனி அடையாள எண்ணும் ஒரே நிறுவனத்துடையவையா என்று பாருங்கள். இங்கே ஏற்றும் தொகையும் தவறிய தேதியும் நோட்டீஸிலும் மனுவிலும் இருப்பதோடு ஒரு ரூபாய், ஒரு நாள்கூட மாறக் கூடாது.

சிவப்பு வந்தால் நிறுத்துங்கள். வக்கீலைப் பார்த்த பிறகே அடுத்த செலவு.

## பதிவகத்தில் குறைப் பட்டியல் கொடுத்துத் திருப்பிவிட்டார்கள்

இதுதான் அதிகம் நடப்பது. மனு இணையத்தில் ஏறும், அரசுக் கட்டண இணையதளமான பாரத் கோஷ் வழியாகக் கட்டணம் போகும், காகிதக் கட்டும் சென்னைக்குப் போகும். பிறகு இணையப் பக்கத்தில் குறை என்று வந்து நிற்கும். சரிசெய்து திருப்பிக் கொடுக்க 7 நாள். ஈரோட்டிலிருந்து கூரியரில் கட்டை வரவழைத்து, கையெழுத்து வாங்கி, திரும்ப அனுப்புவதற்குள் வாரம் ஓடிவிடும். ஆகவே குறை வரும் இடங்களை முதலிலேயே பார்த்து அனுப்புவது நல்லது.

கட்டணத்தில் குறை: சரக்கு, கூலிக்குப் பணம் வர வேண்டியவர் போடும் மனுவுக்கு 2,000 ரூபாய். வங்கி போன்ற நிதிக் கடன்காரர் என்றால் 25,000. தலைப்பு மாற்றிக் கட்டியிருந்தால் ரசீது இருந்தும் குறைதான்.

பக்க எண்ணில் குறை: பொருளடக்கத்தில் 47 என்று போட்டிருப்பீர்கள், இடையில் ஒரு இ-வே பில் சேர்த்ததால் அது 49க்குப் போயிருக்கும். எண் போடுவதைக் கடைசி வேலையாக வையுங்கள். ஸ்கேன் செய்வதற்கு முன் கட்டில் எண் போட்டு, அதே கட்டை ஸ்கேன் செய்தால் காகிதமும் பிடிஎஃப்பும் ஒத்துப்போகும்.

தாளில் குறை: ஒரு பக்கம் மட்டும், இரட்டை வரி இடைவெளி, மேலே சுமார் 4 செ.மீ., இடப்பக்கம் 5 செ.மீ., வலப்பக்கம் 2.5 செ.மீ. ஓரம். பத்திகளுக்கு வரிசை எண். மூன்று படி. இடப்பக்க ஓரம் 5 செ.மீ. விடாமல் கட்டினால் தையலுக்குள் எழுத்து போய்விடும்; அதைத் திருப்புவது நியாயம்தான்.

மொழிபெயர்ப்பில் குறை: நம் பக்கத்துக் கட்டுகளில் இது கண்டிப்பாக இருக்கும். தமிழில் எழுதிய டெலிவரி சலான், எடைச் சீட்டு, “மீதி தையில் தர்றேன்” என்று எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு, எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு அடுத்த பக்கத்திலேயே இருக்க வேண்டும், சரியான மொழிபெயர்ப்பு என்று வக்கீல் சான்றோடு. தை, மாசி என்று தமிழ்த் தேதி இருந்தால் அதற்கான ஆங்கிலத் தேதியையும் போடுங்கள். வாட்ஸப்பில் வந்த குரல் பதிவை அப்படியே இணைக்க முடியாது. பேச்சை எழுத்தாக்கி, மொழிபெயர்த்து, மின்னணுச் சாட்சிச் சான்றிதழோடு கொடுக்க வேண்டும்.

பெயரில் குறை: தனி உரிமையாளர் என்றால் மனுதாரர் நீங்கள்தான், கடைப் பெயர் இல்லை, “இன்ன கடையின் உரிமையாளர் இன்னார்” என்று வர வேண்டும். ஆதாரில் இனிஷியலோடு, பான் அட்டையில் அப்பா பெயர் விரிவாக, பழைய பத்திரத்தில் கவுண்டர், செட்டியார் என்ற பின்னொட்டோடு இருந்தால், எல்லாம் ஒரே ஆள் என்று பிரமாணப் பத்திரத்தில் ஒரு வரி சேருங்கள். நீங்கள் கம்பெனி என்றால் கையெழுத்திடுபவருக்கு இயக்குநர் குழுத் தீர்மானம் வேண்டும், தீர்மானத் தேதி மனுத் தேதிக்கு முன் இருக்க வேண்டும்.

பிரமாணப் பத்திரத்தில் குறை: நோட்டரி தேதி மனுத் தேதிக்கு முன்னால் இருக்கும். மனு முடிவதற்கு முன்பே வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி வைப்பதால் வரும் வினை. அடித்துத் திருத்திய ஒவ்வொரு இடத்திலும் சுருக்கொப்பம் வேண்டும்.

இணைப்பில் குறை: ஜிஎஸ்டிஆர்-1, ஜிஎஸ்டிஆர்-3பி படிவங்களின் சம்பந்தப்பட்ட பக்கங்கள், இ-வே பில், பணம் வரவில்லை என்பதைக் காட்டும் வங்கிச் சான்று அல்லது வங்கிக் கணக்கு நகல், தகராறு நோட்டீஸ் வரவில்லை என்ற பிரமாணப் பத்திரம். பில் மங்கலாக இருந்தால் பக்கத்திலேயே தட்டச்சுப் படி. மனுவின் நகல் பதிவு அலுவலகத்துக்கும் திவால் வாரியத்துக்கும் மனு போடுவதற்கு முன்பே போயிருக்க வேண்டும். இரண்டுக்கும் சான்று வையுங்கள். வாரியத்துக்கு அனுப்புவதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

என்சிஎல்டியில் நீங்களே ஆஜராகலாம். பட்டயக் கணக்காளர், கம்பெனி செயலர், செலவுக் கணக்காளர், வக்கீல் இவர்களில் யாரும் ஆஜராகலாம். அதே குறை இரண்டாவது முறையும் வந்தால் சென்னையில் பதிவகத்தைத் தெரிந்த ஒருவரிடம் கட்டைக் கொடுத்துவிடுங்கள். மூன்றாவது முறை நீங்களே முயல்வதால் மிச்சமாகும் காசைவிட நாள் நஷ்டம் அதிகம்.

## மனுவுக்கு வழக்கு எண் விழுந்துவிட்டது, ஆனால் எதிர்த்தரப்பு டெபிட் நோட்டை நீட்டுகிறது

ஷேட் மாறிவிட்டது, ஜிஎஸ்எம் குறைவு, துணியில் ஓட்டை, ஏற்றுமதி தாமதமாகி விமானத்தில் அனுப்பிய செலவு. நம் தொழிலில் இவை அன்றாடம். நோட்டீஸ் கிடைப்பதற்கு முன்பே இப்படி ஒரு தகராறு இருந்தது என்று காட்டினால் மனு தள்ளுபடிதான். அதில் யார் பக்கம் நியாயம் என்று அந்த மன்றம் விசாரிப்பதில்லை. 2017இல் மொபிலாக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது.

டெபிட் நோட்டின் தேதியைப் பாருங்கள். நோட்டீஸுக்குப் பிந்தையது என்றால் பலம் உங்கள் பக்கம். முந்தையது என்றால், அதை அவர் ஜிஎஸ்டி கணக்கில் காட்டியிருக்கிறாரா, அதற்குப் பிறகும் உங்களுக்குப் பணம் போட்டிருக்கிறாரா, பாக்கி உறுதிக் கடிதம் கொடுத்திருக்கிறாரா என்று தேடுங்கள். உங்கள் மேலாளர் வாட்ஸப்பில் “சரிங்க, பாத்துச் செஞ்சுக்கலாம்” என்று பதில் போட்டிருந்தால் அதையும் வக்கீலிடம் மறைக்காமல் காட்டுங்கள். இந்தக் கட்டத்தில் வக்கீல் இல்லாமல் போகவே கூடாது.

## கம்பெனி ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. நம் உரிமைக்கோரிக்கை ஏறவில்லை

கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போனதும் இடைக்காலத் தீர்வு அலுவலரான ஐஆர்பி ஓர் ஆங்கில நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்பு கொடுப்பார். அவர் நியமனமானதிலிருந்து 14 நாளுக்குள் கோரிக்கை போக வேண்டும்.

படிவம் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தீர்வு நடவடிக்கையில் சரக்கு, கூலிக்குப் பணம் வர வேண்டியவருக்குப் படிவம் பி, தொழிலாளிக்கு டி. அதே கம்பெனி கலைப்புக்குப் போய்விட்டால் எழுத்துகள் நகர்ந்துவிடும்: சரக்குக்காரருக்கு சி, தொழிலாளிக்கு ஈ. பழைய படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லையே என்று காத்திருப்பவர்கள் உண்டு.

அடுத்து தொகை. நீங்கள் படிவம் எழுதும் நாள்வரை வட்டி போடக் கூடாது; திவால் நடவடிக்கை தொடங்கிய தேதியோடு கணக்கு நிற்க வேண்டும். டிடிஎஸ் கழிக்காததால் தொகை குறைக்கப்பட்டிருந்தால் அது சரிதான், சண்டை வேண்டாம்.

14 நாள் தாண்டிவிட்டதா? கதவு இன்னும் திறந்திருக்கிறது. நடவடிக்கை தொடங்கியதிலிருந்து 90 நாள், அல்லது தீர்வுத் திட்டம் (கம்பெனியை மீட்டுக் கடன்களைத் தீர்க்கும் திட்டம்) கேட்டு அழைப்பு விடும் தேதி, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை தாமதக் காரணத்தோடு கொடுக்கலாம். அதையும் தாண்டினால் மன்றம் தாமதத்தை மன்னிக்க வேண்டும். அப்போது வக்கீல் வேண்டும். திட்டம் மன்றத்தில் ஒப்புதல் ஆன பிறகு கோராத பாக்கி அணைந்துவிடும். அதனால் பார்ட்டி ஆட்டம் காண்கிறார் என்று தெரிந்தால் வாரம் ஒருமுறை திவால் வாரிய இணையதளத்தில் பெயரைத் தேடுங்கள்.

கலைப்பில் கோரிக்கை மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டுக்கு 14 நாள்தான்.

காசோலை வழக்கு போட்டிருந்தால் கம்பெனி மேல் உள்ளது திவால் நடவடிக்கையோடு வரும் தடையுத்தரவால் நிற்கும். கையெழுத்திட்ட இயக்குநர்கள் மேல் உள்ளது நிற்காது. 2021இல் மோகன்ராஜ் வழக்கில் வந்த தீர்ப்பு அது. அதை வாபஸ் வாங்கிவிடாதீர்கள்.

## நம் துணியும் நூலும் அந்தப் பட்டறைக்குள் மாட்டிக்கொண்டது

இதற்குப் படிவம் பி போட்டால் தப்பு. அது உங்கள் பொருள், பாக்கி இல்லை. கூலி வேலைக்குக் கொடுத்து வைத்த பொருள் கம்பெனிச் சொத்தில் சேராது என்று சட்டமே சொல்கிறது. ஐஆர்பிக்கு எழுத்தில் கேளுங்கள். டெலிவரி சலான், இ-வே பில், கூலி வேலைக்கு அனுப்பியதைக் காட்டும் ஐடிசி-04, லாட் எண், உருளை எண்ணிக்கை, கிலோ, நிறம் எல்லாம் வேண்டும். லாட் எண் இல்லாத வெள்ளை நூலை “இது என்னுடையது” என்று காட்டுவது மிகக் கடினம். லாட் சீட்டு கிழியுமுன் ஐஆர்பியின் ஆள் முன்னிலையில் படம் எடுத்துப் பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் மன்றத்தில் மனு, அதற்கு வக்கீல்.

## மஞ்சள் கடுதாசி: சார்பு நீதிமன்றத்தில் ஐபி மனு திரும்பியது, அல்லது உங்களுக்கு நோட்டீஸ் வந்தது

நீங்கள் கடனாளி, மனு திரும்பிவிட்டது என்றால்: திருப்பியதன் பின்பக்கம் காரணமும் கெடுவும் எழுதியிருக்கும். கடன் கொடுத்தவர்கள் ஒவ்வொருவரின் முழு முகவரி இல்லாததுதான் முதல் காரணம். “ராசு, பைனான்ஸ், பள்ளிபாளையம்” என்றால் நோட்டீஸ் போகாது. கதவு எண், தெரு, அஞ்சல் எண் வேண்டும். இரண்டாவது சொத்துப் பட்டியல்: ஊரில் உள்ள பங்குக் காடு, பொதுக் கிணற்றில் பாத்தியதை, அடகில் உள்ள நகை எல்லாம் மதிப்போடு வர வேண்டும். மூன்றாவது, இதற்கு முன் திவால் மனு போட்டதுண்டா என்ற வாசகம் விட்டுப்போயிருக்கும். கடன் 500 ரூபாய் இருந்தாலே மனு போடலாம் என்று 1920இல் எழுதியது இன்றும் அப்படியே இருப்பதால், தொகைக் குறைவால் திரும்பாது. கெடு தாண்டித் திருப்பிக் கொடுத்தால் தாமத மன்னிப்பு மனுவும் சேர்த்துக் கொடுங்கள்.

மனு கொடுத்ததும் கடன் போய்விடாது. திவால் என்று அறிவித்த பிறகு, மன்றம் சொன்ன கெடுவுக்குள் விடுவிப்புக்குத் தனி மனு போட வேண்டும். விட்டால் அறிவிப்பே ரத்தாகும். அரசுப் பாக்கி, மோசடியால் வந்த கடன், ஜீவனாம்சம் விடுவிப்பிலும் போகாது. மனுவுக்கு முந்தைய 2 ஆண்டுக்குள் மனைவி, தம்பி பெயருக்கு மாற்றிய சொத்தைத் திரும்ப இழுக்க முடியும். அப்படி ஏதாவது செய்திருந்தால் முதல் தாள் எழுதுவதற்கு முன்பே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் கடன் கொடுத்தவர், நோட்டீஸ் வந்திருக்கிறது என்றால் முதலில் விசாரணைத் தேதியைப் பாருங்கள், அன்று போகாமல் இருந்துவிடாதீர்கள். பட்டியலில் உங்கள் தொகை சரியா, தெரியாத பெயர்களில் உறவினர் கடன் ஊதியிருக்கிறதா என்று வரிக்கு வரி பாருங்கள். திவால் அறிவிப்பு ஆனதும் உங்கள் கடனைப் பிரமாணப் பத்திரத்தோடு நிரூபியுங்கள். கடன் பத்திரம், புரோநோட்டு, வங்கி நகல் இணைக்க வேண்டும். அவர் மறைத்த சொத்து உங்களுக்குத் தெரியும் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்து, சர்வே எண்ணோடு, திவாலானவரின் சொத்தைப் பொறுப்பில் எடுக்கும் அதிகாரியான அஃபிஷியல் ரிசீவரிடம் எழுத்தில் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது கட்டில் ஏறாது.